லொறியில் திரும்பிப் போன தண்ணீர் டேங்க்

நேற்று இரண்டாம் பாடவேளையில், பத்தாம் வகுப்பு மேசைமேல் இருந்த சப்பாத்துப் பெட்டியைத் திறந்தேன். மாணவர் பாராளுமன்றத் தேர்தலுக்கு வேட்புமனுப் போடுவதற்காக, மூடியில் நீளமாக ஒரு வெட்டுப் போட்டு நான்தான் அதை அங்கே வைத்திருந்தேன். ஒரு கிழமை முழுக்க அது அங்கேயே இருந்தது. உள்ளே நாலைந்து டொஃபித் தாள், ஒரு பேனா மூடி, நாலாக மடித்த ஒரு கொப்பித் தாள். விரித்தேன். நீல மையில் அழகான எழுத்து. "அரசியல் நாத்தம் டீச்சர். எங்கள விட்டுடுங்க."

நான் அதை வாசித்ததும் வகுப்பு சிரித்தது. டொஃபித் தாள் யாருடையது என்று கேட்டேன். தினேஷ் எழும்பினான். கேள்வி கேட்டால் எப்போதும் முதலில் பகிடி விடுகிறவன். "நான்தான் டீச்சர் எல்லாருக்கும் குடுத்தேன். பெரியவங்க ஓட்டுக்கு அரிசி குடுக்கிறாங்க, எனக்கு முடிஞ்சது டொஃபி" என்றான். மறுபடியும் சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த 'நாத்தம்' என்ற சொல் எனக்கு உன் குரலில் கேட்டது. நீ போய் இரண்டு வருசம் ஆகப்போகிறது. கேகாலையில் வாடகைக்கு அறை எடுத்து, ஒரு பாடசாலையில் குடியியற் கல்வி படிப்பித்துக்கொண்டு, உன்னை நினைக்காமல் இருக்கப் பழகிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அந்தப் பழக்கம் ஒரு கொப்பித் தாளில் போய்விட்டது.

உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது, முதன்முதல் அந்தச் சொல்லை மேடையில் சொன்னவள் நீ. நாம் பதினோராம் வகுப்பு. நம்முடைய தோட்டப் பாடசாலையில் அந்த வருசம்தான் மாணவர் பாராளுமன்றம் தொடங்கினார்கள். கிளார்க் ஐயாவின் மகன் பிரதமருக்கு நின்றான். இஸ்திரி போட்ட சேர்ட்டோடு வந்து, ஒழுக்கம், கல்வி, ஒற்றுமை என்று பத்து நிமிசம் பேசினான். அடுத்தது நீ. உன் அம்மா காலையில் பால் வெட்டப் போகும் போது காலில் போடுகிற செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாய். ரப்பர் பால் காய்ந்து அதன் ஓரம் கறுத்திருந்தது. மைக்கைப் பிடித்து நீ சொன்ன முதல் வார்த்தை, கக்கூஸ்.

பையன்கள் கத்திச் சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்த டீச்சர்மார் தலையைக் குனிந்தார்கள். நான் வெட்கத்தில் செத்தேன். நீ சிரிப்பு அடங்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றாய்.

"சிரிக்கிறவங்க சிரிச்சு முடிங்க. பொம்பளப் புள்ளைங்க கக்கூஸுக்குக் கதவு இல்ல. உரச்சாக்குதான் தொங்குது. தண்ணி இல்ல. மாசத்துல நாலு நாள் நாங்க ஸ்கூலுக்கு வாறதில்ல. ஏன்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்றதில்ல. நாறுதுன்னு மூக்கப் பொத்திக்கிட்டு நின்னா நாத்தம் போகாது. யாராவது கழுவணும்."

அவ்வளவுதான் பேசினாய். பெண் பிள்ளைகள் எல்லோரும் உனக்குப் போட்டார்கள். சிரித்த பையன்களிலும் பாதிப் பேர் உனக்குத்தான் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீ வென்றிருக்க முடியாது. நீ பிரதமர். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ எனக்கு ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

என் அப்பா அப்போது தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். நீ கேட்ட தண்ணீர் விசயத்தை அவர்தான் எங்கள் பகுதிப் பாராளுமன்ற உறுப்பினரின் காதில் போட்டார். நாட்டில் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. டேங்க் வருகிறது என்றார்கள். அதிபர் சேர் இரண்டு நாள் பாடம் நடத்தவில்லை. மூங்கில் வெட்டி வளைவு கட்டினோம், வாழைமரம் நட்டோம், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்கினோம். வரும் நாளன்று எட்டு மணிக்கே பிள்ளைகளைப் பாதையின் இரு பக்கமும் வரிசையாக நிறுத்தியாயிற்று. உறுப்பினர் வரும்போது பதினொன்று தாண்டிவிட்டது. ஒரு சின்னப் பிள்ளை வெயிலில் மயங்கி விழுந்தது. நீ அதைத் தூக்கிக்கொண்டு போய் நிழலில் போட்டுவிட்டு, திரும்பி வந்து வரிசையில் நிற்கவே இல்லை.

கறுப்பு பிளாஸ்டிக் டேங்க். அதில் அவருடைய முகம் ஒட்டியிருந்தது, முழுப் பல்லும் தெரிய. லொறியிலிருந்து இறக்கி, கக்கூஸ் சுவருக்குப் பக்கத்தில் நாலு செங்கல்மேல் வைத்தார்கள். குழாய் இல்லை. தண்ணீர் வரும் வழியே இல்லை. அவர் டேங்கில் கை வைத்தார். பிள்ளைகள் சுற்றி நின்றோம். கமராக்காரன் "தவ எகக்" என்றான், இன்னும் ஒன்று. கை வைத்தபடியே இன்னும் ஒரு தரம் சிரித்தார். பிள்ளைகளோடு கைகுலுக்கி முடிந்ததும் கைலேஞ்சியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். நான் அவருக்கு ஒரு முழம் தூரத்தில் நின்றேன். அந்த லேஞ்சியின் சென்ட் வாசம் எனக்கு இன்றும் குமட்டும்.

அதைவிடக் கேவலம் இருக்கிறது. நன்றியுரை என்னுடையது. "எங்கள் தாகம் தீர்த்த தந்தையே" என்று நானே எழுதி, நானே மனப்பாடம் பண்ணி, மைக்கில் ஒப்பித்தேன். அவர் தலையை ஆட்டினார். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. உரை முடிந்ததும் உறுப்பினர் அதிபர் சேரிடம் எதையோ குனிந்து கேட்டார். சேரின் முகம் வெளுத்துப்போனது. அவருக்குக் கக்கூஸ் போக வேண்டும். ஜீப்பில் ஏற்றி, தோட்டத் துரையின் பங்களாவுக்குக் கொண்டுபோனார்கள்.

அவர் போன கையோடு, லொறிப் பையன்கள் இரண்டு பேர் வந்து டேங்கைத் திரும்பத் தூக்கினார்கள். நாங்கள் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தோம். நீதான் முதலில் கண்டாய். ஓடிப்போய் லொறிக்கு முன்னால் நின்றாய்.

"எங்க டேங்க எங்க கொண்டு போறீங்க?"

டிரைவருக்குத் தமிழ் விளங்கவில்லை. நீ சிங்களத்தில் கேட்டாய். அவன் நல்லவன்தான், உன்னைப் பார்த்துப் பாவமாகச் சிரித்தான். "மேக்க அனித் இஸ்கோலெட்டத் ஓன, நங்கி." இன்னொரு பாடசாலைக்கும் இது வேண்டும், தங்கச்சி. பகல் அங்கே ஒரு விழா இருக்கிறது, அங்கேயும் இதையே வைத்து ஃபோட்டோ எடுக்க வேண்டும் என்று அவன் ஒளிக்காமல் சொன்னான். அவனுக்கு ஒளிக்கத் தெரியவில்லை.

அதிபர் சேர் வந்து உன் கையைப் பிடித்து இழுத்தார். "பின்னாடி கொண்டாந்து தருவாங்க. மானத்த வாங்காத." அப்பாவும் அதையேதான் சொன்னார். லொறி போய்விட்டது. செங்கல் நாலும் அங்கேயே கிடந்தன.

மறுநாள் நீ கடிதம் எழுதினாய். அதிபர் சேர் ஊடாக, வலயக் கல்விப் பணிப்பாளருக்கு. நடந்ததை மட்டும் எழுதினாய், ஒரு ஏச்சு வார்த்தை இல்லை. டேங்க் வந்த நேரம், போன நேரம், டிரைவர் சொன்னது. மாணவர் பாராளுமன்றத்தில் இருந்த பன்னிரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம். உன் பெயருக்கு அடுத்தது என் பெயர்.

அன்று பின்நேரம் அப்பா என்னைக் கூப்பிட்டார். அடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னார். "அண்ணனுக்குப் பிரதேச சபையில வேலை சொல்லியிருக்காங்கம்மா. ஒனக்குத் தெரியுந்தானே." அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். அண்ணன் என்னைப் பார்க்காமல் செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தான்.

காலையில் அதிபர் சேரின் அறையில் அந்தக் கடிதம் மேசைமேல் இருந்தது. அவர் என்னிடம் பேனாவை நீட்டினார். நான் என் பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்தேன். என் பெயரின்மேல் வைத்து, அதை வெட்டி நேராக ஒரு கோடு போட்டேன். கோணலாக வந்துவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம். பயத்தில் கிறுக்கியிருந்தால்கூட என்னை நான் கொஞ்சம் மன்னித்திருப்பேன். சேர் "கெட்டிக்காரப் புள்ள" என்றார். எனக்குப் பிறகு மற்றவர்களையும் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டார்கள். முதல் கோடு என்னுடையதாக இருந்தபடியால் அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

பன்னிரண்டில் உன் பெயர் மட்டும் மிஞ்சியது. பரீட்சை வருகிறது, பொறுப்பு அதிகம் என்று காரணம் சொல்லி உன்னை விலக்கினார்கள். கிளார்க் ஐயாவின் மகன் பிரதமர் ஆனான். அண்ணனுக்கு வேலையும் கிடைத்தது. மூன்று மாதம் கூலிக்கு ரோட்டோரச் சாக்கடைக் கான் வெட்டினான், தேர்தல் முடிந்ததும் நிறுத்திவிட்டார்கள். டேங்க் வரவே இல்லை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி உன்னிடம் நான் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. நீயும் உன் அம்மாவும், கீழ் லயத்து வீடுகளின் அம்மாமார் நாலைந்து பேரும், ஃபெக்டரியில் கழித்துப் போட்ட பைப்புத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, பாடசாலைக்கு மேலே மலை ஊற்று விழும் பீலியிலிருந்து தண்ணீரைக் கீழே இழுத்தீர்கள். பைப்பு போதாத இடத்தில் மூங்கிலைப் பிளந்து வைத்தீர்கள். அட்டை கடித்து உன் கால் முழுக்க இரத்தம். நான் எங்கள் காம்பரா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். அப்பா, "வேடிக்கை பாக்காத, உள்ள வா" என்றார். உள்ளே போனேன். ஜன்னலால் பார்த்தேன்.

மூன்றாவது ஞாயிறு தண்ணீர் விழுந்தது. உன் அம்மா பழைய தகரத்தை ஆணி அடித்துக் கதவும் போட்டார். திங்கட்கிழமை பாடசாலையில் நீ என் பக்கத்தில் வந்து, "தண்ணி வருது புள்ள, பாத்தியா?" என்று கேட்டாய். அவ்வளவுதான். உன் முகத்தில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. நீ என்னை ஏசியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லி, அதைப் பிடித்துக்கொண்டு பிழைத்திருப்பேன். அன்று முதல் பாடசாலை முடியும் வரை, நானும் அந்தத் தண்ணீரைத்தான் பாவித்தேன். என் பெயரை வெட்டிய கையை அந்தத் தண்ணீரில்தான் கழுவினேன்.

பிறகு நம் வழி பிரிந்தது. நான் கல்வியியற் கல்லூரிக்குப் போனேன். நீ தோட்டத்திலேயே முன்பள்ளி டீச்சர் ஆனாய். நான் அரசியல் பற்றி யார் பேசினாலும் முகத்தைச் சுளிப்பேன். எல்லாம் ஒரே சாக்கடை என்பேன். ஸ்டாஃப் ரூமில் இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், என்னைத் தெளிந்த மனுசி என்று நினைப்பார்கள். அந்தச் சுளிப்பு எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று இப்போதுதான் விளங்குகிறது. எல்லோரும் கள்ளர் என்றால் நான் போட்ட கோடு பெரிய குற்றம் இல்லை.

நம் கடைசிச் சந்திப்பு மாவனல்லை பஸ் ஸ்டாண்டில். நீ பிரதேச சபைக்குச் சுயேச்சையாக நின்றிருந்தாய். கையில் கறுப்பு வெள்ளையில் அடித்த துண்டுப் பிரசுரம், அதில் உன் முகம் இல்லை, செய்ய வேண்டிய நாலு வேலை மட்டும் எழுதியிருந்தது. ஒரு முஸ்லிம் கடைக்காரரிடம் தமிழிலும், பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரரிடம் சிங்களத்திலும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தாய். வெயிலில் கறுத்துப் போயிருந்தாய். என்னைக் கண்டதும் ஓடி வந்தாய்.

"ஒன் ஓட்டு இன்னும் தோட்டத்துலதானே இருக்கு? சனிக்கெழம வருவியா?"

"வருவேன்" என்றேன்.

"வந்தா வீட்டுக்கு வா. அம்மா ரொட்டி சுடும்."

நான் வரவில்லை. ஏதாவது அவசரம் என்றால்கூடச் சொல்லிக்கொள்ளலாம், ஒன்றுமே இல்லை. சனிக்கிழமை காலையில் உடுப்புத் துவைத்தேன். மத்தியானம் படுத்தேன். பஸ் இருந்தது. யார் வந்தால் என்ன, எல்லாம் ஒன்றுதான் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன். நீ தோற்றாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். எத்தனை ஓட்டில் என்று விசாரிக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

அடுத்த மழைக்கு உனக்கு எலிக்காய்ச்சல். லயத்துக்குப் பின்னால் அடைத்துக் கிடந்த கானைத் துப்புரவாக்க நீயே இறங்கினாயாம். காலில் காயம் இருந்ததாம். ஐந்தாம் நாள் முடிந்துபோனது. செத்த வீட்டுக்கு நான் வந்தேன். உறுப்பினரின் பெயர் எழுதிய பெரிய மலர் வளையம் ஒன்று உன் தலைமாட்டில் நின்றது. அதைக் கொண்டுவந்தவன் அதற்குப் பக்கத்தில் நின்று ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொண்டான். உன் அம்மா எழும்பிப் போனார். அழுதுகொண்டிருந்த மனுசி, அந்த வளையத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்க் கோழிக்கூட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். யாரும் தடுக்கவில்லை. என் அப்பாகூட.

இதையெல்லாம் நேற்று வகுப்பில் சொன்னேன். அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு, கதிரையில் உட்கார்ந்து, முதலில் இருந்து கடைசி வரை சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. என்னைப் பற்றி எதையும் மறைக்கவில்லை. அடிமட்டத்தைச் சொன்னேன். சனிக்கிழமையைச் சொன்னேன். தினேஷ் ஒரு பகிடியும் விடவில்லை.

முடித்ததும் சரண்யா கை தூக்கினாள். ஜன்னல் ஓரம் இருப்பவள், அதிகம் பேசாதவள். "டீச்சர், அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"கேக்க நேரம் இருந்துச்சு. கேக்கல."

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. குப்பை மேட்டைக் கடக்கும்போது மனுசர் பார்க்கிற பார்வை. இத்தனை வருசம் அதே பார்வையால் நான் ஊரையெல்லாம் பார்த்திருக்கிறேன். ஒருத்தி அதைத் திருப்பி என்மேல் வைத்தபோது, தப்பிக்க இடம் இருக்கவில்லை. மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே போனார்கள்.

இடைவேளைக்குச் சரண்யா ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், அந்தத் தாள் நான்தான் எழுதினேன்."

"எழுத்தப் பாத்து நெனச்சேன்."

"இப்பவும் அப்பிடித்தான் நெனைக்கிறேன். நாத்தந்தான். எனக்கு இப்ப உங்களப் புடிக்கல டீச்சர். சொல்லாம இருந்தா பொய்யாயிரும், அதான் சொல்றேன். ஆனா வேட்புமனு ஃபோர்ம் ஒன்னு தாங்க."

எடுத்துக் கொடுத்தேன். அவள் அங்கேயே, வாசல் நிலையில் வைத்து எழுதினாள். ஏன் போட்டியிடுகிறீர்கள் என்ற இடத்தில் நிறைய நேரம் யோசித்தாள். பிறகு, எங்கள் பாடசாலைக்கு வரும் காலை பஸ் தோட்டப் பிள்ளைகளைக் கண்டால் நிறுத்துவதில்லை, அதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எழுதினாள். எனக்கு அது தெரியும். ஆறு வருசமாகத் தெரியும். அந்த பஸ்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டு, வெளியே கை காட்டுகிற பிள்ளைகளை நானே எத்தனையோ காலை பார்த்திருக்கிறேன். இறங்கி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நான் உன்னைப் பற்றிச் சொன்னதால் அவள் மனம் மாறிவிட்டாள் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், நானும் நம்பவில்லை. அவள் வெல்வாளோ தெரியாது. வென்றால் அவளுக்கும் ஒரு அறையில் ஒரு பேனா நீட்டப்படும். அந்த அறையில் நானும் இருப்பேன், பொறுப்பாசிரியையாக. அன்றைக்கு நான் என்ன செய்வேன் என்று சத்தியம் பண்ண எனக்கு அருகதை இல்லை.

இன்று காலையில் பஸ் அந்தத் திருப்பத்துக்கு வந்தபோது பிள்ளைகள் கை காட்டினார்கள். டிரைவர் வேகத்தைக் குறைக்கவில்லை. எழும்பிப் போய், "மல்லி, பொட்டக் நவத்தன்ன" என்றேன். தம்பி, கொஞ்சம் நிறுத்துங்கள். அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். நான் உட்காரவில்லை. பின்னால் இருந்தவர்கள், வேலைக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் தள்ளித்தான் நிறுத்தினான். பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து ஏறினார்கள். சரண்யாவும் ஏறினாள். எனக்கு ஒரு சிரிப்புக்கூடத் தரவில்லை. என்னைத் தாண்டிப் போய்ப் பின்னால் நின்றாள்.

அது சரிதான். உன்னிடம் கேட்காத மன்னிப்பு என்னிடம் அப்படியே இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. வேறு யாரிடமும் கொடுத்து இறக்கிவைக்கவும் முடியாது. நாளைக்கும் அந்தத் திருப்பம் வரும். அதைச் சுமந்துகொண்டுதான் எழும்பி நிற்க வேண்டும்.